பலூன் சவாரி: ஏறுமுன் கேட்க வேண்டியதும் இறங்கும்போது செய்ய வேண்டியதும்

வெப்பக்காற்று பலூனுக்கு ஸ்டியரிங் இல்லை. பர்னரைத் திறந்தால் ஏறும். உச்சியில் உள்ள வால்வின் கயிற்றை இழுத்தால் சூடான காற்று வெளியேறி இறங்கும். பைலட் கையில் இருப்பது இவ்வளவுதான். திசையைக் காற்று முடிவு செய்கிறது. பொள்ளாச்சி பலூன் விழாவில் 2025 ஜனவரியில் கிளம்பிய ஒரு பலூன் பாலக்காடு மாவட்டத்து வயலில் போய் இறங்கியது அப்படித்தான். அதனால் பாதுகாப்பில் பெரும்பங்கு, இன்று பறக்கலாமா வேண்டாமா என்று தரையில் எடுக்கும் முடிவில் இருக்கிறது.

பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். வானிலை சரியில்லாமல் ரத்தானால் முழுப் பணமும் திரும்புமா? பைலட்டுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் உரிமம் உண்டா (இந்தியாவில் அதை வழங்குவது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ)? தரையிறங்கும் நிலையைக் கிளம்புமுன் செய்து காட்டுவார்களா? முதல் கேள்வியை லேசாக நினைக்க வேண்டாம். பணத்தைத் திருப்ப மனமில்லாத இடத்தில், பறந்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி பைலட் மேல் விழும்.

பனிமூட்டம் இருந்தாலும், தரைக்காற்று மணிக்கு 18 கிலோமீட்டரை நெருங்கினாலும், தொலைவில் இடி கேட்டாலும் ஏறாதீர்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் லாக்ஹார்ட்டில் 2016 ஜூலை 30 அன்று மூடுபனியில் பறந்த பலூன் உயர் அழுத்த மின்கம்பியில் மோதி, அதிலிருந்த 16 பேரும் இறந்தார்கள். கிளம்பியதும், மேகம் சூழ்ந்தபின் தொடர்ந்ததும் பைலட்டின் தவறான முடிவுகள் என்று விசாரணை சொன்னது. பைலட் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் கெஞ்சாதீர்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்ற பேச்சே அவரைத் தடுமாற வைக்கும்.

பருத்தி உடையும் கணுக்காலை மூடும் ஷூவும் போடுங்கள். பர்னர் தலைக்கு மேலேயே எரிவதால் தொப்பி உதவும். கர்ப்பிணிகள், அண்மையில் அறுவைசிகிச்சை செய்தவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். பலூனில் காற்று நிரப்பும்போது பெரிய மின்விசிறியின் பக்கம் சேலை, துப்பட்டா, தளர்ந்த முடியோடு போகாதீர்கள். யாராவது கயிற்றைப் பிடிக்கச் சொன்னால் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. கால் தரையை விட்டு எழும்புகிறது என்று தெரிந்த கணமே விட்டுவிட வேண்டும். இரண்டு நொடி தாமதித்தாலும் விட முடியாத உயரத்துக்குப் போய்விடுவீர்கள்.

கூடைக்குள் சிலிண்டர், ரப்பர் குழாய், வால்வுக் கயிறு எதையும் பிடிக்காதீர்கள். உள்பக்கம் கட்டிய கயிற்றுப் பிடிகள்தான் உங்களுக்கானவை.

தரையிறங்கும்போதுதான் பயணிகள் அதிகம் காயப்படுகிறார்கள். கணுக்காலும் முதுகெலும்பும்தான் முதலில் அடிவாங்கும். பைலட் சொன்னதும் போனையும் கேமராவையும் பைக்குள் போடுங்கள். பலூன் நகரும் திசைக்கு முதுகைக் காட்டி, முதுகும் தலையும் மெத்தை வைத்த தடுப்பில் அழுந்த, கால்களைச் சேர்த்து முழங்காலைச் சற்று மடக்கி நில்லுங்கள். முழங்காலை விறைப்பாக நீட்டி நின்றால் அதிர்ச்சி நேரே முதுகுத்தண்டுக்கு ஏறும். எட்டிப் பார்க்காதீர்கள், கையைக் கூடைக்கு வெளியே வைக்காதீர்கள். கூடை இரண்டு மூன்று முறை துள்ளி, பக்கவாட்டில் சாய்ந்து, சில மீட்டர் இழுபடலாம். காற்றுள்ள நாளில் இது வழக்கமே.

கூடை நின்றதும் இறங்கத் தோன்றும். இறங்காதீர்கள். பலூனை அழுத்தி வைத்திருப்பதே உங்கள் எடைதான். 70 கிலோ ஆள் ஒருவர் இறங்கினால் அந்த 70 கிலோவுக்கான தூக்குவிசை மிச்சமாகி, மற்றவர்களை மேலே கொண்டுபோகும். பிரேசிலின் பிராயா கிராண்டேயில் 2025 ஜூன் 21 அன்று 21 பேர் இருந்த கூடையில் தீப்பற்றியது. பைலட் தாழ இறக்கி, குதிக்கச் சொன்னார். 13 பேர் வெளியேறினார்கள். ஏறத்தாழ 900 கிலோ குறைந்த பலூன் மீதிப் பேரோடு உயர எழும்பியது. 8 பேர் இறந்தார்கள். எகிப்தின் லக்சரில் 2013 பிப்ரவரி 26 அன்று 19 பேரைப் பலிகொண்ட விபத்திலும் இறங்கும் நேரத்தில்தான் தீப்பிடித்தது. பைலட் வெளியேறியபின் பலூன் மேலே போனது. ஆகவே சாதாரண இறக்கத்தில் பைலட் பெயர் சொல்லும் வரை காத்திருங்கள். தீ என்றால் கதை வேறு: "வெளியேறு" என்ற சொல் வந்த நொடியில், கூடை தரையில் இருக்கும்போதே எல்லோரும் ஒன்றாக வெளியேற வேண்டும். பைக்காகவும் போனுக்காகவும் திரும்பக் கூடாது.

மின்கம்பியில் மோதுவது உறுதி என்றால், கம்பி கூடையிலோ பர்னரிலோ படாமல் மேலிருக்கும் துணியில் படட்டும் என்று பைலட் வால்வைத் திறந்து வேகமாக இறக்குவார். பயந்து கத்த வேண்டாம். உலோகம் எதையும் தொடாமல் குனிந்துகொள்ளுங்கள். கம்பி மேலே கிடக்க, கூடை தரையைத் தொட்டிருந்தால், மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று மின்வாரிய ஊழியர் சொல்லும் வரை உள்ளேயே இருங்கள். தீப்பற்றி, வெளியேறியே ஆக வேண்டுமானால், கூடையையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரு கால்களையும் சேர்த்துக் குதியுங்கள். பிறகு பாதத்தைத் தூக்காமல் தரையில் தேய்த்தபடி குறைந்தது 10 மீட்டர் தள்ளிப் போங்கள்.