13 பேர், 2 பலகை, ஒரு பிற்பகல்: புளோக்கில் டார்ட்ஸ் நாக் அவுட் நடத்துவது எப்படி

நான் பலகையை நோக்கி எறிகிற டார்ட், அந்தச் சின்ன அம்பு, பாதி நேரம் நான் நினைத்த எண்ணுக்குப் போகாது. ஆனால் 501-லிருந்து கழித்துக்கொண்டே வரச் சொன்னால் கால்குலேட்டரை முந்திவிடுவேன். 26 வருடம் ஒரு கப்பல் பட்டறையில் சம்பளக் கணக்கு எழுதிய பழக்கம். அதனால்தான் சிங்கப்பூரில் எங்கள் ஜூரோங் வெஸ்ட் அடுக்குமாடி புளோக்கில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் டார்ட்ஸ் போட்டிக்கு அட்டவணை போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. மாட்டிவிட்டது கொழுந்தன். “அண்ணி, பேரை எழுதி வரிசையா போட்டுக் குடுங்க, போதும்” என்றான்.

போதவில்லை. முதல் வருடம் மதியம் 3 மணிக்கு ஆரம்பித்த போட்டி இரவு 11.45-க்கு முடிந்தது. கோப்பையை வாங்கிக்கொள்ள ஜெயித்தவரும், அவரைக் கூட்டிப்போக வந்த அவர் மனைவியும், நானும்தான் இருந்தோம்.

தப்பு என்னுடையது. லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் நடக்கிற உலகப் போட்டியை என் வீட்டுக்காரர் விடிய விடியப் பார்ப்பார். அங்கே இரவு 7 மணி என்றால் நமக்கு அதிகாலை 3 மணி. நானும் அரைத்தூக்கத்தில் கூட உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதே மாதிரி செட் கணக்கில் நடத்தலாம் என்று முடிவு செய்தேன். எறிந்து எடுக்கிற புள்ளியைக் கழித்துக் கழித்து 501-லிருந்து பூஜ்யத்துக்கு வருவது ஒரு லெக். 3 லெக் எடுத்தால் ஒரு செட். அங்கே முதல் சுற்றுக்கே 3 செட் ஜெயிக்க வேண்டும். நான் ரொம்ப இரக்கம் காட்டி 2 செட் போதும் என்று வைத்தேன். ஒரே ஒரு பலகை. மூன்றாவது ஆட்டம் முடியும்போது மணி ஆறரை. இன்னும் ஒன்பது ஆட்டம் பாக்கி. வேறு வழியில்லாமல் மீதியை ஒரே செட்டாகச் சுருக்கினோம். “எனக்கு மட்டும் என்ன ரெண்டு செட்?” என்று ஆறாம் மாடி அங்கிள் கேட்டது நியாயமான கேள்வி. இன்றுவரை பதில் சொல்லவில்லை.

இதிலிருந்து தொடங்குவோம். அட்டவணை போடுவதற்கு முன்னால் எத்தனை ஆட்டம் என்று கணக்குப் பாருங்கள். நாக் அவுட்டில் ஒவ்வோர் ஆட்டமும் ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்புகிறது. கடைசியில் ஒருவர் மிஞ்ச வேண்டும். ஆகவே ஆட்டங்கள் எப்போதும் ஆட்களைவிட ஒன்று குறைவு. 13 பேர் என்றால் 12 ஆட்டம். 2024/25 வரை உலகப் போட்டியில் 96 பேர், 95 ஆட்டம். 2025/26-லிருந்து 128 பேர், 127 ஆட்டம்.

அடுத்தது பை. அட்டவணை 4, 8, 16, 32 என்று இரட்டித்துத்தான் போகும். 13 பேருக்கு 16 இடம் போட்டால் மூன்று இடம் காலி. அந்தக் காலி இடத்துக்கு எதிரே இருப்பவர் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவார், அதுதான் பை. மூன்றையும் முதல் சுற்றிலேயே தீர்த்துவிடுங்கள். “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விட்டால், கால் இறுதியில் ஏழு பேர் நின்றுகொண்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். பை யாருக்கு? பெரிய போட்டியில் 96 பேர் இருந்த காலத்தில் தரவரிசையில் முதல் 32 பேர் இரண்டாம் சுற்றில்தான் இறங்குவார்கள். நாங்களும் அதே வழக்கம்: போன வருடம் முதல் மூன்று இடத்தில் வந்தவர்களுக்குப் பை.

சீட் போடுவதை, அதாவது கெட்டிக்காரர்களுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்குவதை, நான்கு பேரோடு நிறுத்துங்கள். முதல் ஆள் அட்டவணையின் உச்சியில், இரண்டாமவர் அடியில், மூன்றாமவரும் நான்காமவரும் நடுவில், மேல் பாதிக்கு ஒருவர், கீழ்ப் பாதிக்கு ஒருவர். இப்படி வைத்தால் நால்வரும் அரையிறுதி வரை மோத மாட்டார்கள். மற்றவர்கள் பெயரைச் சீட்டெழுதி முறுக்கு டின்னில் போட்டு, எல்லார் கண் முன்னாலும் ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லுங்கள். நான் எடுத்த வருடம் என் வீட்டுக்காரருக்குச் சுலபமான ஆள் வந்துவிட்டார் என்று ஒரு வாரம் பேச்சு. யுகே ஓப்பன் என்ற போட்டியில் நான்காம் சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகக் குலுக்கிப்போடுவார்கள். யாருக்கு யார் வருவார் என்று கடைசி வரை தெரியாது. ஒரு வருடம் செய்து பார்த்தோம், சத்தமும் சிரிப்புமாக நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் இரண்டு பெரிய கைகளும் கால் இறுதியிலேயே மோதிக்கொண்டார்கள், இறுதி ஆட்டம் சப்பென்று போனது.

இனி நீளம். என்னைக் கேட்டால் போட்டியின் குணத்தையே இதுதான் முடிவு செய்கிறது. ஆட்டம் குட்டையாக இருந்தால் அதிர்ஷ்டம் உள்ளே வரும். நீண்டால் கெட்டிக்காரன் ஜெயிப்பான். உலகப் போட்டியில் சுற்றுக்குச் சுற்று நீட்டிக்கொண்டே போவது இதற்காகத்தான்: முதல் இரண்டு சுற்று அதிகபட்சம் 5 செட், அடுத்த இரண்டும் 7, கால் இறுதி 9, அரையிறுதி 11, இறுதி 13. ஆரம்பத்தில் சின்னவனுக்குக் கதவு கொஞ்சம் திறந்திருக்கும். உள்ளே போகப் போகச் சாத்திக்கொண்டே வரும்.

அந்தத் திறந்த கதவுக்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2017-ல் ஃபிராங்ஃபர்ட்டில் நடந்த, நாட்டுக்கு ஒரு ஜோடி ஆடுகிற உலகக் கோப்பையின் முதல் சுற்றில், நம் பால் லிம்மும் ஹாரித் லிம்மும், முதல் சீட்டாக வந்த ஸ்காட்லாந்தின் கேரி ஆண்டர்சன், பீட்டர் ரைட் ஜோடியை 5-2 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். முதலில் 5 லெக் எடுப்பவருக்கு வெற்றி, அவ்வளவுதான் ஆட்டம். அதையே 13 செட் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உங்கள் ஊகம். (பால் லிம்மைப் பற்றித் தெரியாத பிள்ளைகளுக்கு: 1990-ல் உலகப் போட்டியில் ஒன்பதே டார்ட்டில் 501-ஐ முடித்த முதல் ஆள் அவர். அப்போது அமெரிக்காவுக்காக ஆடினார். அந்த ஒரு லெக்குக்குக் கிடைத்த பரிசு 52,000 பவுண்டு. அந்த வருடம் கோப்பையையே வென்ற ஃபில் டெய்லருக்கு 24,000தான்!)

எங்கள் ஆட்கள் ஒரு லெக் முடிக்கப் பத்து நிமிடம் எடுக்கிறார்கள். உங்கள் ஆட்களை முந்தைய வாரமே ஆடவிட்டு நேரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கு இப்படி: முதல் சுற்றும் கால் இறுதியும் 3 லெக்கில் 2, அரையிறுதி 5-ல் 3, இறுதி 7-ல் 4. பலகை இரண்டு. முதல் சுற்றின் ஐந்து ஆட்டத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், கால் இறுதிக்கு ஐம்பது நிமிடம், அரையிறுதி இரண்டும் ஒரே நேரத்தில் நாற்பது நிமிடம், இறுதி ஒரு மணி நேரம். மூன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. நடுவில் மீ கோரிங்கும் தே தாரிக்கும் சாப்பிட்டாலும் ஏழரைக்குள் நாற்காலியை மடக்கிவிடலாம்.

செட் கணக்கை ஏன் விட்டேன் என்றால் நேரத்துக்காக மட்டும் இல்லை. ஒருவர் 3-2, 0-3, 3-2 என்று இரண்டு செட் எடுத்து ஜெயித்துவிடலாம். கூட்டிப் பாருங்கள், ஜெயித்தவர் 6 லெக், தோற்றவர் 7. தொலைக்காட்சியில் பார்க்க இது பிரமாதம். புளோக்கில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நடந்தால் லிஃப்டில் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அதே போல, கடைசி செட்டில் 2-2 ஆனால் இரண்டு லெக் வித்தியாசம் வரும்வரை, 5-5 வரைகூட, இழுக்கிற விதியையும் விட்டுவிடுங்கள். வேர்ல்ட் கிராண்ட் பிரீ என்ற போட்டியில் இருப்பது போல டபுளில் (எண்ணை இரண்டு மடங்காக்கும் வெளி வளையத்தில்) விழுந்தால்தான் கணக்கே தொடங்கும் என்கிற விதி வேண்டவே வேண்டாம். அரை மணி நேரம் 501-லேயே நிற்பார்கள்.

பலகை மாட்டுவது சுருக்கமான வேலை. பொது அறைச் சுவரில் துளை போட விடமாட்டார்கள், மடக்கும் ஸ்டாண்ட் வாங்கிவிடுங்கள். புல்லின், அதாவது பலகையின் மையத்திலுள்ள சின்ன வட்டத்தின், நடு தரையிலிருந்து 1.73 மீட்டர். பலகையின் முகப்பிலிருந்து எறிகிற கோடு 2.37 மீட்டர். ஸ்டாண்ட் சாய்ந்திருந்தால் இந்த இரண்டும் ஏமாற்றும். ஆகவே புல்லின் நடுவிலிருந்து கோட்டுக்கு நாடாவைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள், 2.93 மீட்டர் வர வேண்டும். பிளாஸ்டிக் முனை டார்ட்டும் மின்பலகையும் என்றால் தூரம் 2.44, பழகியவர்கள் அந்த ஏழு சென்டிமீட்டரைக் கால் வைத்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். பலகைக்குக் கீழே ரப்பர் பாய் போடுங்கள், துள்ளி விழுகிற டார்ட் தரையைக் குத்தும்.

யார் முதலில் எறிவது? ஆளுக்கு ஒரு டார்ட் புல்லுக்கு. நெருங்கியவர் முதல் லெக்கைத் தொடங்குவார், பிறகு மாறி மாறி. கடைசி லெக்குக்கு வந்துவிட்டால் மறுபடி புல்லுக்கு எறியச் சொல்கிறேன். இது எங்கள் வீட்டு விதி, சண்டை குறைகிறது.

எழுதுகிறவர்தான் முக்கியம். மூன்று டார்ட் விழுந்ததும் மொத்தத்தைச் சத்தமாகச் சொல்லி, பாக்கியை எழுதிய பிறகுதான் டார்ட்டைப் பிடுங்க விட வேண்டும். நானே ஒரு தடவை 121-ல் 85 போக 46 என்று எழுதினேன். 36 பாக்கி என்று தெரிந்திருந்தால் அந்தத் தம்பி டபுள் 18-க்கு எறிந்திருப்பான். 46 என்று நம்பி 6 எடுத்து, டபுள் 20-ஐக் குறிவைத்து, அடித்தும் விட்டான். கை தூக்கிக் குதித்த பிறகு பின்னாலிருந்து ஒருவர், “அக்கா, கணக்கு தப்பு” என்கிறார். 30 பாக்கி இருக்கும்போது 40 எடுத்தால் பஸ்ட், அந்த முறை எறிந்தது எதுவும் சேராது, பழைய 36-க்கே திரும்ப வேண்டும். தப்பு என்னுடையது என்பதால் அந்த முறையை மறுபடி எறியச் சொன்னேன். அன்றிலிருந்து விதி: பாக்கியில் சந்தேகம் இருந்தால் அடுத்த முறை எறிவதற்கு முன் கேட்க வேண்டும், அதற்குப் பிறகு பலகையில் எழுதியதே கணக்கு.

டபுளில்தான் முடிக்க வேண்டும், நடுப் புல் 50-ம் டபுள்தான் என்பதைப் புதியவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். 32 ஏன் எல்லாருக்கும் பிடிக்கும் என்பதையும். டபுள் 16-க்கு எறிந்து ஒற்றை 16-ல் விழுந்தால் 16 பாக்கி, டபுள் 8. அதுவும் ஒற்றையானால் டபுள் 4. பாதி பாதியாக இறங்கிக்கொண்டே போகலாம், ஒற்றைப்படை எண்ணில் மாட்டுவதில்லை. 40-ஐ நம்பினால் 20, 10, அப்புறம் 5-ல் வந்து நிற்பீர்கள்.

முதல் சுற்றில் தோற்றவர்கள்தான் பிரச்சினை. இருபது நிமிடத்தில் வெளியே வந்தவர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். எங்களிடம் தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்குக் கணக்கு எழுத வேண்டும். மூன்று அடிக்குப் பக்கத்தில் நின்று நல்ல ஆட்டக்காரர் எறிவதைப் பார்க்கக் கிடைக்கிறது, போகவும் முடியாது. இரண்டாவது வாய்ப்பு கொடுக்கும் டபுள் நாக் அவுட் கேட்பார்கள். ஆட்டம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், மறுத்துவிடுங்கள். ஆளுக்கு 5 வெள்ளி சாப்பாட்டுக்கு வாங்குகிறோம், பரிசு பேரங்காடிப் பற்றுச்சீட்டும் அந்தப் பழைய கோப்பையும்தான்.

முடிந்ததும் தரையில் ஒட்டிய கோட்டை அன்றைக்கே உரித்துவிடுங்கள். போன வருடம் மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். பசை தரையோடு ஊறிப்போய், நானும் கொழுந்தனும் முட்டி போட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிச் சுரண்டினோம், ஒரு மணி நேரம்.