காயலான் கடைப் பித்தளையில் ஊதக்கூடிய சிற்பம்: முதல் முறை செய்பவர்களுக்கு

பழைய சாமான்களைக் கோத்துச் சிற்பம் செய்வது என் வேலை. கடலூர் முதுநகர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் எக்காளமும் கொம்பும் செய்கிறவர். முகூர்த்த மாதங்களில் பேண்டு செட் ட்ரம்பெட்டுகளுக்கு நசுங்கல் எடுத்துக் கொடுப்பார். சுவரில் மாட்டினால் சிற்பம், கழற்றி ஊதினால் வாத்தியம் என்கிற மாதிரிப் பொருட்களை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிறோம். எப்படி ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்காக, நாங்கள் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

தீ மூட்டும் முன் பேசிவிடுங்கள்

முதல் நாள் நான் ஒரு படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். மீன் வடிவம், அதன் வயிற்றுக்குள் குழாய் ஏழெட்டு மடிப்பு. அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொரு மடிப்பிலும் விரலை வைத்து, "இங்க காத்து முட்டும் தம்பி, இங்கயும் முட்டும்" என்றார். அப்புறம், "உள்ள காத்து போற வழிய எங்கிட்ட விட்டுடு. வெளிய நீ என்ன வேணா கட்டிக்க" என்றார். எங்கள் கூட்டு இன்றுவரை அந்த ஒரு பேச்சில்தான் நடக்கிறது. உதடு வைத்து ஊதும் மவுத்பீஸிலிருந்து, சத்தம் வெளியேறும் விரிந்த புனல் வாய் வரைக்கும் உள்பக்கம் அவர் சொல்வதே முடிவு. வெளித்தோற்றம் என் பொறுப்பு. இதை முன்கூட்டியே பேசாவிட்டால் பாதி வேலையில் மனஸ்தாபம் வரும்.

கூலியையும் அப்போதே பேசுங்கள். சிற்பம் விற்க ஒரு வருடம்கூட ஆகலாம், அதுவரை அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டும், அதனால் நாள் கூலியைக் கையில் கொடுத்துவிட்டு, விற்றால் வரும் பங்கைத் தனியாக வையுங்கள். பெயர் போடும்போது இரண்டு பெயரும் ஒரே அளவில்.

படி 1: பொறுக்குவது

காயலான் கடைக்குப் போகும்போது பையில் ஒரு சின்னக் காந்தமும் ஓர் அரமும் இருக்கட்டும். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. ஒட்டாததையெல்லாம் பித்தளை என்று நம்பிவிடவும் கூடாது. யாருக்கும் தெரியாத ஓர் ஓரத்தில் அரத்தால் லேசாக உரசுங்கள், உள்ளே மஞ்சளாகத் தெரிந்தால் வாங்கலாம். இரும்பைவிடப் பல மடங்கு விலையில் எடை போட்டுத்தான் தருவார்கள், ஆகவே இந்த உரசலுக்குக் கூச்சப்படாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் கூடும் சண்டே மார்க்கெட்டும் நல்ல இடம், காலையிலேயே போய்விடுங்கள்.

தேட வேண்டியவை: பம்ப் ஸ்டவ்வின் பித்தளைத் தொட்டி, உடைந்த குத்துவிளக்குத் தண்டு, சைக்கிள் மணி, குழாய்த் துண்டுகள். எல்லாவற்றையும்விட மேலானது பழைய ரப்பர் பந்து ஹாரனின் வாய். உள்ளிருக்கும் நாக்கைக் கழற்றி எடுத்துவிட்டால் விரிவு ஏற்கெனவே அமைந்த புனல் உங்கள் கையில்.

தொடக்கூடாதவை இரண்டு. ஒன்று, வயலில் பூச்சிமருந்து அடிக்கும் பித்தளை ஸ்பிரேயர். நம் மாவட்டத்தில் இது நிறையக் கிடைக்கிறது, அதன் உருளை வடிவமும் ஆசை காட்டும். ஆனால் வாய் வைத்து ஊதும் பொருளில் மருந்து ஊறிய உலோகம் எந்த மூலையிலும் வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். இரண்டு, ஜி.ஐ. பைப். அதன்மேல் பூசிய துத்தநாகம் தீயில் வெண்புகையாகக் கிளம்பும். ஆரம்ப நாட்களில் கதவைச் சாத்திவைத்துக்கொண்டு ஒரு ஜி.ஐ. துண்டைச் சூடாக்கினேன், அன்று ராத்திரி குளிர்ஜுரத்தில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

படி 2: கழுவுவது

புளியும் கல்லுப்பும். வீட்டில் குத்துவிளக்கு தேய்ப்பது போலத்தான். குழாயின் உள்ளே ஒரு நூலில் துணியைக் கட்டி இழுங்கள். நல்ல தண்ணீரில் அலசி உடனே துடைத்துவிடுங்கள், ஈரத்தோடு வைத்தால் மறுநாளே கறுக்கும்.

படி 3: தீயில்லாமல் ஊதிப் பார்ப்பது

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் முழு வேலையின் உயிரும் இங்கேதான் இருக்கிறது.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் அரை இஞ்ச் ஹோஸ் இரண்டு மீட்டர் வாங்குங்கள். ஒரு முனையில் பழைய ட்ரம்பெட் மவுத்பீஸ். அதன் வால் ஹோஸுக்குள் லொடலொடவென்று இருக்கும், டெஃப்லான் டேப் சுற்றினால் இறுகும். மறுமுனையில் நீங்கள் பொறுக்கிய புனல்களை ஒவ்வொன்றாக மாட்டி ஊதுங்கள். கன்னத்தை உப்பிக் காற்றைத் தள்ளினால் வெறும் மூச்சுச் சத்தம்தான் வரும். உதடுகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து அதிர விட வேண்டும், சங்கு ஊதுவதும் இதே முறைதான். இந்த ரப்பர் குழாயிலேயே கொம்புச் சத்தம் கிளம்புவதைக் கேட்டால், சத்தத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது உள்ளே இருக்கும் காற்றுத் தூணின் நீளமும் வடிவமும் என்பது தானாகப் புரிந்துவிடும்.

உதட்டை இறுக்க இறுக்க ச, ப, மேல் ச, காந்தாரம், மறுபடி ப என்று படியேறும். புனலைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை ஊதினால் இந்தப் படிகள் கோணலாக விழுகின்றன. மவுத்பீஸும் விரிந்த வாயும் சேர்ந்துதான் அவற்றை ஒழுங்குக்கு இழுக்கின்றன. அதனால் அழகான புனலா, ஒழுங்காகப் படியேறும் புனலா என்று வந்தால் இரண்டாவதை எடுங்கள். அழகை வெளியே சேர்த்துக்கொள்ளலாம்.

நீளம்: சாதாரண ட்ரம்பெட்டின் குழாயை நிமிர்த்தினால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வரும். முதல் முறைக்கு அந்த அளவே போதும், அதைவிடக் குட்டையானால் உதட்டுக்குக் கஷ்டம். ஹோஸை நீளமாகவே வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். ஒன்றரை மீட்டரில் எட்டரை சென்டிமீட்டர் குறைத்தால் ஏறக்குறைய ஒரு ஸ்வரஸ்தானம் (ஹார்மோனியத்தில் அடுத்த கட்டை) ஏறும். சரியாக வந்ததும் அளந்து எழுதிவையுங்கள். பித்தளைக் குழாயை அந்தக் கணக்கில் வெட்ட வேண்டும்.

படி 4: வளைப்பது

இது அண்ணன் கைவேலை, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். குழாயை மங்கிய சிவப்பு வரும்வரை சுட்டு ஆறவிட்டால் பித்தளை இளகிக் கொடுக்கும். அப்புறம் உள்ளே மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு முனையையும் மரக்கட்டையால் அடைத்து, பலகையில் செதுக்கிய வளைவை ஒட்டி மெதுவாக அழுத்துவார். மணல் இல்லாமல் வளைத்தால் உள்வளைவு சப்பி மடிந்துவிடும். கடற்கரை மணல் பக்கத்திலேயே கிடக்கிறதே என்று அள்ளிவராதீர்கள், அதில் உப்பும் ஈரமும் இருக்கிறது. சலித்த மணலை வாணலியில் வறுத்து ஆற வைத்த பிறகுதான் நிரப்ப வேண்டும். அடைத்த குழாயில் ஈர மணல் சூடானால் நீராவி கட்டையைத் தோட்டா மாதிரித் தள்ளும்.

படி 5: இணைப்பது

விட்டம் மாறும் இடங்களில் பூண் (இரண்டு குழாய் முனைகளையும் மேலே மூடிப் பிடிக்கும் வளையம்) போடுங்கள். இரண்டு முனையும் பூணுக்குள் நேருக்கு நேர் முட்டிக்கொள்ள வேண்டும், இடைவெளியோ உள்ளே துருத்திய விளிம்போ இருந்தால் குறிப்பிட்ட ஒரு ஸ்வரம் மட்டும் நடுங்கும்.

பற்றவைப்பதில் வரிசை முக்கியம். வெங்காரம் (போராக்ஸ்) போட்டு, உலோகப் பொடியை உருக்கி வைக்கும் பொடிப்பற்று 600 டிகிரிக்கு மேல் போகிற வேலை, ஈயப்பற்று 200 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். ஆகவே பெரிய தீ முதலில், ஈயம் கடைசியில். நான் ஒருமுறை எல்லாம் முடிந்த கொம்பில் ஒரு சைக்கிள் சங்கிலியை அலங்காரமாகப் பொடிப்பற்று வைத்து ஒட்டப் போனேன். பக்கத்தில் இருந்த மூன்று ஈயப் பூண்களும் கண்ணெதிரே வெள்ளிச் சொட்டுகளாக ஒழுகின. வாய்ப்பக்கத்து இணைப்புகளுக்கு ஈயம் கலக்காத வெள்ளீயப் பற்றுக் கம்பியே வாங்குங்கள்.

கசிவு பார்ப்பதற்குப் பஞ்சர் கடை முறை: ஒரு முனையை விரலால் அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி மறுமுனையில் ஊதுங்கள். எங்கே குமிழி வருகிறதோ அங்கே மறுபடி பற்று.

படி 6: உருவம் கட்டுவது

இப்போது உங்கள் முறை. பிக்காசோ 1942-இல் ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து மாட்டுத் தலை செய்தார். மாடும் தெரியும், சைக்கிளும் தெரியும். நான் எப்போதும் மனதில் வைத்திருப்பது அதைத்தான். ஸ்டவ் தொட்டியை அடையாளமே தெரியாமல் தட்டிவிட்டால், அதில் சமைத்த வீடும் சேர்ந்து மறைந்துவிடுகிறது.

ஆனால் புனல் விளிம்பில் எதையும் ஒட்டாதீர்கள், அது அதிர்கிற இடம். மடிப்புகளுக்கு நடுவே ஒரு தாங்கு கம்பி பாய்ச்சி, எடையையெல்லாம் அதில் ஏற்றுங்கள். கட்டி முடித்ததும் ஒவ்வொரு ஸ்வரமாக நீட்டி ஊதச் சொல்லிவிட்டு, ஒட்டியவற்றை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பாருங்கள். எங்கள் மீனுக்குக் கண்ணாக வைத்த சைக்கிள் மணி மூடி பஞ்சமத்தில் மட்டும் ஈ மாதிரி ரீங்கரித்தது. அடியில் ஒரு தோல் வாஷர் வைத்ததும் அடங்கியது.

படி 7: வைத்துக் காப்பது

பளபளப்பு வேண்டுமென்றால் லாக்கர் (வார்னிஷ் மாதிரியான பூச்சு) அடிக்கலாம். எனக்குப் பழுப்பேறிய பித்தளைதான் பிடிக்கும், அண்ணனுக்குப் பளபளப்பு. எனவே குழாய் பளபளக்கும், மற்றது பழுப்பாக இருக்கும். ஊதி முடித்ததும் உள்ளே சேர்ந்த நீரை வடித்துக் காயவிட்டு மாட்டுங்கள், கடல் காற்று நேராக அடிக்கும் சுவரில் மட்டும் வேண்டாம். குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் அங்கே துத்தநாகம் அரித்துப்போய்ச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம், அந்தத் துண்டை மாற்ற வேண்டிவரும். மவுத்பீஸைக் கழற்றித் தனியாக வையுங்கள். பார்க்க வருகிற பிள்ளைகள் ஊதிப் பார்க்காமல் போக மாட்டார்கள், ஒவ்வொருவருக்கும் நடுவே சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுங்கள்.