கறுப்பு ஒட்சைட்டும் ஐதரசனும்: உயர்தர மாணவர் விடும் பிழைகள்

கறுப்பு நிறச் செம்பு ஒட்சைட்டைச் சூடாக்கி ஐதரசனால் தாழ்த்தும், அதாவது ஒட்சிசனை நீக்கிச் செம்பாக்கும், பரிசோதனையில் ஆபத்தான பிழை, குமிழி கிளம்பியதுமே சுடரடுப்பைப் பற்றவைப்பதுதான். அப்போதும் குழாய்க்குள் வளி இருக்கும். வளியில் ஐதரசன் 4 தொடக்கம் 75 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பொறி ஒன்றே போதும், வெடிக்கும். வெளிவரும் வாயுவைச் சோதனைக்குழாயில் பிடித்து, தள்ளிக் கொண்டுபோய்க் கொளுத்திப் பாருங்கள். 'பொப்' என்று கேட்டால் பொறுங்கள். அமைதியாக எரிந்த பிறகே சூடாக்கலாம். ஆசிரியர் பக்கத்தில் இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம்.

முடிக்கும்போது முதலில் அடுப்பு, குழாய் ஆறிய பிறகே வாயு. ஐதரசனை முந்தி நிறுத்தினால் சூடான செம்பு வளிபட்டு மறுபடி கறுக்கும். குழாயின் வாய்ப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் ஒடுங்கிய நீர் சூடான கண்ணாடிக்கு ஓடிவந்து அதில் விரிசல் விழச் செய்யும்.

கிழக்கிலங்கையின் கல்லடி, கல்முனை போன்ற கரையோரங்களில் இன்னொரு தொல்லை உண்டு. நீர் உண்டாவதைக் காட்ட வைக்கும் வெள்ளை நிற நீரற்ற செப்பு சல்பேற்றைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றிலேயே நீலமாகிவிடும், மாரி காலத்தில் சொல்லவே வேண்டாம். அதைப் பார்த்து 'நீர் உண்டானது' என்று எழுதுவது வீண். ஐதரசனையும் கல்சியம் குளோரைட்டால் உலர்த்தியே அனுப்ப வேண்டும்.

கணக்கில் புள்ளி போகும் இடம்: ஒட்சைட்டு இழக்கும் திணிவை நீரின் திணிவாக எடுப்பது. 8.0 கிராம் ஒட்சைட்டு 6.4 கிராம் செம்பாகும். குறைந்த 1.6 கிராம் ஒட்சிசன் மட்டுமே. கிடைக்கும் நீர் 1.8 கிராம்.

உலோகங்களைத் தாக்குதிறன்படி அடுக்கும் தாக்கவீதத் தொடரை மனப்பாடம் செய்தவர்கள், 'இரும்பு ஐதரசனுக்கு மேலே இருக்கிறது, ஆகவே இரும்பு ஒட்சைட்டை ஐதரசனால் தாழ்த்த முடியாது' என்று அடித்து எழுதுகிறார்கள். எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் விடை இது. தொடரில் ஐதரசன் நிற்கும் இடம், உலோகம் ஐதான அமிலத்திலிருந்து அதை வெளியேற்றுமா என்பதைச் சொல்வது. உயர்வெப்பநிலையில் நடப்பதற்கு அதை அப்படியே பொருத்த முடியாது. செஞ்சூட்டு இரும்பின் மேல் நீராவியை அனுப்பினால் இரும்பு ஒட்சைட்டும் ஐதரசனும் வரும். அதே ஒட்சைட்டின் மேல் ஐதரசனைத் தொடர்ந்து செலுத்தினால் இரும்பு திரும்பி வரும். தாக்கம் மீளக்கூடியது, உண்டாகும் நீராவியை வாயு அள்ளிக்கொண்டு போவதால் சமநிலை இரும்பின் பக்கம் நகர்கிறது. சுவீடனில் 2021இல் இப்படித்தான், நிலக்கரி இல்லாமல், பஞ்சு இரும்பு (துளைகள் நிறைந்த இரும்பு) எடுத்துக் காட்டினார்கள்.

இந்த நியாயத்தை அலுமினியம், மகனீசியம் வரை இழுக்காதீர்கள். அவற்றின் ஒட்சைட்டுகள் மிக உறுதியானவை. ஆய்வுகூடச் சூட்டில் ஐதரசனோடு 'தாக்கம் இல்லை' என்றே எழுதுங்கள்.