மதுரையிலிருந்து இலங்கையின் எட்டு உலகப் பாரம்பரிய இடங்கள்: எந்த மாதம், எந்த வரிசை

இலங்கையின் பரப்பு தமிழ்நாட்டில் பாதிதான். யுனெஸ்கோ பட்டியலில் அதற்கு எட்டு இடங்கள்: அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா (மூன்றும் 1982), கண்டி, காலிக் கோட்டை, சிங்கராஜா வனம் (மூன்றும் 1988), தம்புள்ளை குகைக்கோயில் (1991), மத்திய மலைநாடு (2010). சிங்கராஜாவும் மலைநாடும் இயற்கைப் பிரிவில் வருகின்றன. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தானே, ஒரே வாரத்தில் எட்டையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் அதிகம். அந்தக் கணக்கு பெரும்பாலும் மழையில்தான் தப்பும்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. சிங்கராஜா, காலி, மலைநாட்டின் மேற்குச் சரிவு எல்லாம் நனையும். வடக்கே அனுராதபுரம், சிகிரியா பக்கம் காய்ந்து கிடக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து நமக்கு மழை தரும் வடகிழக்குக் காற்று வந்தால் நிலைமை தலைகீழ். எட்டையும் சேர்த்துப் பார்க்க பிப்ரவரி, மார்ச்தான் சரி. பிள்ளைகளின் விடுமுறைக்காக மே மாதம்தான் போக முடியும் என்றால் வடக்கில் உள்ள நான்கோடு கண்டியைச் சேர்த்து ஐந்தோடு நிறுத்துங்கள். ஏப்ரல் 13, 14 புத்தாண்டு நாட்களைத் தவிர்ப்பது நல்லது. கடைகள் பூட்டியிருக்கும், பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது.

விசா விதி அடிக்கடி மாறுகிறது. டிக்கெட் போடும் வாரத்தில் இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் சொந்தத் தளத்திலேயே பாருங்கள். அதைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதல் பணம் பறிக்கும்.

கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே இருக்கிறது. எனவே கொழும்புக்குள் போய் நெரிசலில் மாட்டாமல் நேராக தம்புள்ளைக்குப் போய்விடுங்கள். அங்கே மூன்று இரவு தங்கினால் நான்கு இடங்கள் முடியும்: சிகிரியா பக்கத்திலேயே இருக்கிறது, அனுராதபுரமும் பொலன்னறுவையும் ஏறத்தாழ 65 கிலோமீட்டர், ஆளுக்கொரு திசையில். சீட்டு வாங்கும்போது பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சிகிரியா, பொலன்னறுவை, அனுராதபுரத்தில் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு வெளிநாட்டுக் கட்டணத்தில் சலுகை உண்டு, காட்டினால்தான் கிடைக்கும். தம்புள்ளை குகைக்கோயிலுக்குத் தனிச் சீட்டு. ஏறுவதற்கு முன்பே எங்கே விற்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மேலே போய்த் திரும்ப இறங்க நேரும்.

சிகிரியாவில் சுமார் 1200 படிகள். பழனி படி ஏறிப் பழகிய கால்களுக்கு இது பெரிய விஷயமில்லை, வெயில்தான் சோதிக்கும்; வாசல் திறந்ததும் ஏறிவிடுங்கள். பாறையில் குளவிக் கூடுகள் உண்டு. சத்தம் போட்டால் கலையும் என்பதால் "அமைதி" பலகைகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓவியங்களைப் படமெடுக்கத் தடை.

அனுராதபுரத்தில் தாதுகோபங்களை (ஸ்தூபிகளை) சுற்றி வெறுங்காலோடு நடக்க வேண்டும். பதினோரு மணிக்கு மேல் கல்தளம் கொதிக்கும். கனமான சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். வெள்ளை உடை நல்லது; முழங்காலும் தோளும் மூடியிருக்க வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படமெடுப்பதை எங்கேயும் பொறுக்க மாட்டார்கள். செல்ஃபி எடுப்பவர்கள் சிக்குவது இதில்தான்.

பொலன்னறுவைக்கு முழு நாள் ஒதுக்குங்கள். அரை நாளில் கல் விகாரையின் 14 மீட்டர் சயனப் புத்தரைப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்கள், நம்மவர் கட்டியதைத் தவறவிடுகிறார்கள். அனுராதபுரத்தை வென்ற சோழர் இங்கேதான் தலைநகரை அமைத்து ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டனர். இரண்டாம் சிவாலயம் எனப் பலகையில் இருப்பது வானவன் மாதேவி ஈச்சரம். விமானம் வரை முழுக்கக் கல், இன்றும் நிற்கிறது. முதலாம் சிவாலயம் பாண்டியர் பாணி. மேலே செங்கல் பகுதி விழுந்துவிட்டது, சுவரின் கல்வேலை மட்டும் கூர்மையாக நிற்கிறது. சதுக்கம் (Quadrangle) எனப்படும் கோயில் தொகுதியருகே வேளைக்காரர் தமிழ்க் கல்வெட்டைத் தேடிப் படியுங்கள். புத்தரின் புனிதப் பல்லைக் காக்கும் பொறுப்பை ஏற்ற படைதான் வேளைக்காரர். சீட்டு அருங்காட்சியகத்தில் வாங்க வேண்டும், உள்ளே சுற்ற வாடகை சைக்கிள் போதும்.

கண்டிக்குப் போகும்போது மதுரைக்காரருக்குக் கூடுதல் காரணம் உண்டு. கண்டி மன்னர்கள் மதுரை நாயக்கர் வழியில் பெண் எடுத்தார்கள். 1739இல் வாரிசில்லாமல் அரசர் இறந்ததும் ராணியின் சகோதரரே அரியணை ஏறினார். 1815இல் ஆங்கிலேயர் பிடிக்கும் வரை ஆண்டது அந்த நாயக்கர் வம்சம்தான். கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தார். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகை முன்னுள்ள ஏரி அவர் வெட்டியது. தம்புள்ளையில் நாம் பார்க்கும் ஓவியங்களில் பெரும்பங்கு அதே வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தீட்டியவை. அதனால் தம்புள்ளைக்குப் பிறகு கண்டி என்ற வரிசை பொருத்தம். மாளிகைக்குப் பூஜை நேரம் பார்த்துப் போங்கள், மற்ற நேரம் பேழை அறையின் கதவு மூடியிருக்கும்.

மலைநாட்டுக்கு நுவரெலியாவில் தங்கி ஹோர்ட்டன் சமவெளி போவதுதான் எளிது. விடியுமுன் கிளம்புங்கள். ஒன்பது மணிக்கு மேல் மேகம் ஏறினால் 'உலக முடிவு' முனையில் வெள்ளைப் புகைதான் தெரியும். ஒன்பது கிலோமீட்டர் சுற்று. முதலில் அந்த முனை, அருவி பிறகு. வாசலில் பிளாஸ்டிக் பைகளை வாங்கி வைத்துவிடுவார்கள், சாப்பாட்டைத் துணிப்பையில் கட்டுங்கள். கொடைக்கானலுக்கு எடுக்கும் ஸ்வெட்டர் போதும்.

சிங்கராஜாவில் வழிகாட்டி அவசியம், அட்டைகள் நிச்சயம். பேண்ட்டைக் காலுறைக்குள் செருகுங்கள். கடித்தால் பிடுங்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை மெல்லத் தள்ளி எடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது விட்டுப்போவதால் காயம் சற்று நேரம் கசியும், பயம் வேண்டாம்.

காலியில் மாலை மதில்மேல் ஒரு சுற்றுப் போதும். அங்கே 1911இல் கண்டெடுத்த, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டைக் காலியில் தேடாதீர்கள். மூலம் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திரும்பும் விமானம் மாலையில் என்றால் அதையும் பார்த்துவிட்டுக் கட்டுநாயக்கவுக்குப் போகலாம்.