அடிமாட்டை அடிமாட்டு விலைக்கு விற்காமல் இருக்க

மலிவுக்குத் தமிழில் இன்னொரு பெயரே ‘அடிமாட்டு விலை’. ஆனால் கறிக்கடையில் விலை கேட்டுப் பாருங்கள், அங்கே ஒன்றும் மலிவாக இல்லை. நடுவில் எங்கோ காசு நழுவுகிறது. பெரும்பாலும் அது நம் தொழுவத்து வாசலிலேயே நழுவிவிடுகிறது.

முதன்முதலாக நான் ஓர் உழவுக்காளையை விற்றபோது, வந்த தரகர் மாட்டை ஒரு சுற்று சுற்றினார், முதுகில் ஒரு தட்டு தட்டினார், ஒரு தொகை சொன்னார். நானும் ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டு வாங்கிவிட்டதில் பெருமையாக இருந்தேன். அவர் அந்த ஒரு சுற்றில் மனதுக்குள் போட்ட கணக்கு என்ன என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. அவர் மாட்டைப் பார்க்கவில்லை, கறியைத்தான் பார்த்தார். அந்தக் கணக்கை நாமும் போடலாம்.

முதலில் எடை

பக்கத்தில் லாரி எடைமேடை இருந்தால் மினி லாரியை மாட்டோடு ஒரு தடவை, மாடு இல்லாமல் ஒரு தடவை நிறுத்திப் பார்ப்பது நல்லது. இல்லையென்றால் அளவெடுக்க வேண்டும். தையல்காரர் டேப்பைக் கொண்டு போகாதீர்கள். அது 60 அங்குலம்தான், வளர்ந்த காளையின் நெஞ்சைச் சுற்றி வராது. ஒரு சணல் கயிற்றால் அளந்து, பிறகு கயிற்றை டேப்பில் வைத்துப் பாருங்கள்.

காலையில் தீனி, தண்ணீர் காட்டுவதற்கு முன் மாட்டைச் சமதரையில் தலை நேராக நிறுத்துங்கள். திமிலுக்குப் பின்னால், முன்னங்காலை ஒட்டினாற்போல் நெஞ்சுச் சுற்றளவு. அப்புறம் தோள்பட்டையின் முன்முனையிலிருந்து வாலடியில் துருத்தி நிற்கும் எலும்பு வரை நீளம். இரண்டும் அங்குலத்தில் இருந்தால்:

சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660 = எடை கிலோவில்

சுற்றளவு 66, நீளம் 54 என்றால் 66 × 66 × 54 ÷ 660. ஏறக்குறைய 356 கிலோ. இது மதிப்பீடுதான், பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம். ஆனால் சுற்றளவில் கவனமாக இருங்கள். கயிறு தொய்ந்து 66 என்பது 67 ஆனால் எடை 11 கிலோ ஏறிவிடும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

விற்கும் நாளில் வயிறு முட்டத் தண்ணீர் காட்டி எடையை ஏற்றலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். பழகிய வியாபாரிக்கு வயிற்றைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். தண்ணீரோடு சேர்த்து உங்கள் பேச்சுக்கும் கழிவு போட்டுவிடுவார்.

எடையிலிருந்து கறிக்கு

தேறிய மாட்டில் உயிர் எடையில் பாதி எலும்போடு கறியாக நிற்கும். உழுது களைத்து விலா தெரிகிற மாட்டில் 45 சதவீதம், சில சமயம் அதற்கும் கீழே. எருமை என்றால் இன்னும் கொஞ்சம் குறையும். நம் காளைக்கு 45 என்று வைத்தால் 160 கிலோ.

இனி விலை. கடையில் கிலோ 360 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதை அப்படியே பெருக்கிவிட்டு வியாபாரியைத் திட்டக்கூடாது. லாரி வாடகை, சந்தைச் சுங்கம், தரகு, வெட்டுக்கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். தோலுக்கும் முன்போல் விலை இல்லை. கடை விலையில் மூன்றில் இரண்டு பங்கு என்பது என் கைக்கணக்கு. அதன்படி 240 ரூபாய், 160 கிலோவுக்கு 38,400. இந்தக் கணக்கில், கயிறு ஓர் அங்குலம் தொய்ந்தால் 1,200 ரூபாய் மாறிவிடுகிறது.

இப்போது உங்களிடம் ஓர் எண் இருக்கிறது. 43,000 என்று கேளுங்கள். 36,000க்குக் கீழே போனால் மாட்டை வீட்டுக்கு ஓட்டிவருவேன் என்று கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சந்தையில் நின்றுகொண்டு எடுக்கும் முடிவு பெரும்பாலும் நம்முடையதாக இருக்காது.

வெறுங்கையோடு ஒரு நாள் சந்தைக்கு

மாடு இல்லாமல் ஒரு வாரம் முன்னதாகப் போய்வாருங்கள். பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும், மணப்பாறையில் புதன்கிழமை. உங்கள் மாடு மாதிரி ஒன்றைப் பார்த்து வைத்து, அது என்ன விலைக்குப் போனது என்று விற்றவரிடமே கேளுங்கள். தரகரிடம் கேட்டால் அவருக்குப் பிடித்த விலைதான் வரும்.

பொள்ளாச்சியில் வாங்குபவர்களில் நிறையப் பேர் கேரளத்துக்காரர்கள். அதனால் நம் காலண்டரோடு அவர்கள் காலண்டரையும் பார்க்க வேண்டும். பக்ரீத், ஓணம், கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கேட்பு இருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் மந்தம். வறட்சியில் தீவனம் இல்லாமல் எல்லோரும் ஓட்டிவரும் வாரம் மோசமானது. முடிந்தால் வைக்கோல் தீர்வதற்கு முன்பே விற்றுவிடுங்கள்.

துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதைப் பார்ப்பீர்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையை முழுதாகப் பிடித்தால் ஐந்து. நூறா ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தே இருவருக்கும் புரியும். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது என்பதுதான் இதன் நோக்கம். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் விலை தெரியாமல் இருப்பது தினமும் வாங்குகிறவருக்கு லாபம், வருடத்துக்கு ஒன்று விற்கிறவருக்கு நட்டம் என்றே நினைக்கிறேன். புதியவர்கள் “வாய்விட்டே பேசலாங்க” என்று சொல்லிவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தரகர் இருந்தால் தரகு எவ்வளவு, யார் தருவது என்பதை விலை படிவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சட்டம், சீட்டு

எல்லா மாட்டையும் கறிக்கு விற்க முடியாது. 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, பத்து வயதுக்கு மேல் ஆகி வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாடு, அல்லது காயம், ஊனம், தீராத நோயால் நிரந்தரமாக முடங்கிய மாடு என்று சான்று இருந்தால்தான் அறுக்கலாம். பசுவையும் கிடாரியையும் அறுக்க 1976 அரசாணை தடை போட்டிருக்கிறது. 2017இல் மத்திய அரசு சந்தையில் அறுப்புக்காக மாடு விற்பதையே தடுத்து விதி கொண்டுவந்தபோது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விதியை நிறுத்திவைத்தது, பிறகு உச்ச நீதிமன்றம் அந்த நிறுத்திவைப்பை நாடு முழுதுக்கும் நீட்டித்தது. வண்டியில் ஏற்ற கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும், சாதாரண லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. சமீபத்தில் ஊசி போட்ட மாடு என்றால் மருந்து உடம்பை விட்டு இறங்க எத்தனை நாள் ஆகும் என்று மருத்துவரிடம் கேட்டு, அதுவரை பொறுங்கள்.

விலை படிந்ததும் அச்சாரம் கொடுத்து, “மீதியைச் சாயங்காலம் தர்றேங்க” என்பார்கள். சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். முழுப் பணத்தையும் எண்ணி வாங்குங்கள். காதுவில்லை எண், தேதி, தொகை, வாங்கியவர் பெயர் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய கயிற்றை நம் கையில் அவிழ்த்துக்கொண்டு, வாங்கியவர் தன் கயிற்றைப் போடுவதுதான் வழக்கம். எண்ணி முடிக்கும்வரை உங்கள் கயிறு மாட்டின் கழுத்திலேயே இருக்கட்டும்.