தங்கிப் போனவர்களுக்கு மாதம் ஒரு மின்னஞ்சல்

ஒகேனக்கல் பக்கம் வீட்டை வாடகைக்கு விடுகிறீர்களா? தங்கிப் போனவர்களுக்கு மாதம் ஒரு மின்னஞ்சல் போதும், ஆனால் தள்ளுபடியில் ஆரம்பிக்காதீர்கள். தலைப்பிலேயே சேதி இருக்கட்டும்: "தண்ணீர் குறைந்தது, பரிசல் ஓடுகிறது". காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், அதனால் அனுப்புகிற அன்று காலையில் விசாரித்துவிட்டு எழுதுங்கள், தப்பான சேதியை நம்பிக் குழந்தைகளோடு வந்து நிற்பவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? அப்புறம் நீங்களே எடுத்த ஒரு படம், மசாலா தடவிய ஆற்றுமீன் கல்லில் பொரிவது மாதிரி. ஆடி 18 கூட்டத்தை ஒரு மாதம் முன்பே நினைவுபடுத்துங்கள். பலருக்கு ஒரே மின்னஞ்சல் போகிறதென்றால் முகவரிகளை பிசிசி (Bcc) என்ற கட்டத்தில் போடுங்கள், ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியக்கூடாது. வேண்டாம் என்றவர் பெயரை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.