லயன் காம்பராவை 360 பாகையில் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் பழைய இடங்களைச் சுற்றிப் பார்க்கும் படமாக எடுப்பதில் முதல் தவறு, கமெராவைத் தொடுவதற்கு முன்பே, பட்டியல் போடும்போதே நடந்துவிடுகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம், ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக்குள் இருக்கும் தேயிலை அருங்காட்சியகம், தோட்டத் துரையின் பங்களா. சரி, எல்லாம் வேண்டும்தான். ஆனால் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயனும், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களமும், பறித்த கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவமும் எங்கே? கொழுந்து பறித்தவர்கள் வாழ்ந்த இடத்தை விட்டுவிட்டு எடுக்கும் தோட்ட வரலாற்றை நான் வரலாறாக ஏற்கமாட்டேன். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயனிலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

லயனில் ஒரு குடும்பம் வாழும் அறையான காம்பராதான் எடுப்பதற்கு மிகக் கடினமான இடமும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவு, ஒரு சின்ன ஜன்னல், புகை படிந்த சுவர். இரண்டு லென்ஸ் உள்ள 360 கமெராவில் இரு படங்களும் சேரும் இடத்தில் ஒரு தையல் விழும். அந்தப் பக்கத்தில் ஒரு மீற்றருக்குள் எது இருந்தாலும் உடைந்து தெரியும். கதவு நிலைக்கு நடுவில் ஸ்டாண்டை வைத்தால் இரண்டு நிலைக்காலும் வெட்டுப்படுவது இதனால்தான். அறையின் நடுவில் வைத்து, அடுப்பையோ சாமிப் படத்தையோ லென்ஸ் நேராகப் பார்க்கும்படி திருப்புங்கள். தையல் வெறும் சுவரில் விழட்டும்.

வெளிச்ச அளவைக் கமெராவின் ஓட்டோ மோடில் விடாதீர்கள். ஜன்னலுக்கு அளந்தால் அறை இருண்டுவிடும், அறைக்கு அளந்தால் ஜன்னல் வெளுத்துவிடும். ஸ்டாண்டை அசைக்காமல் மூன்று வெளிச்ச அளவில் எடுத்து ஒன்றாக்குங்கள். நுவரெலியாக் குளிரிலிருந்து அடுப்பெரியும் அறைக்குள் போனதும் லென்ஸில் ஆவி படியும். கமெராவைப் பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுங்கள்.

இன்னொன்று. சாதாரணப் படத்தில் ஒரு மூலையைத் தவிர்க்கலாம். இதில் எதுவும் தப்பாது: கொடியில் காயும் துணி, பிள்ளையின் பள்ளிக் கொப்பியில் உள்ள பெயர், எல்லாமே விழும். ஆள் குடியிருக்கும் லயன் என்றால், எடுத்ததை முதலில் அந்த வீட்டு அக்காவிடம் காட்டி, அவர் சரி என்றால் மட்டும் வெளியிடுங்கள். கோயிலில் கருவறை வாசலோடு நின்றுவிடுங்கள்.

எல்ல, தெமோதரை இடையே இருக்கும் ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போகிறவர்கள் நேரே பாலத்தின் மேலேயே நின்று எடுக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் தண்டவாளமும் காடும் தெரியும், வளைவு ஒன்றும் தெரியாது. 1921இல் இரும்புச் சட்டகம் இல்லாமல் கல், செங்கல், சீமெந்து கொண்டு எழுப்பிய அந்தத் தூண்களைக் காட்ட, பள்ளத்தில் இறங்க வேண்டும். ரயில் ஓடும் பாதையில் ஸ்டாண்ட் வைப்பது ஆபத்தும்கூட.

அப்புறம், முடித்த படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது சுருங்குவதோடு, இது 360 படம் என்று செயலிக்குச் சொல்லும் குறிப்பும் அழிந்துபோய், வளைந்த நீளப் படமாகத்தான் திறக்கும். கோப்பாக அனுப்புங்கள். அகலம் 8000 பிக்சலாவது இருக்கட்டும். திரையில் ஒரு நேரத்தில் தெரிவது ஏறத்தாழ கால்வாசிதான், 4000இல் எடுத்தால் சுவர் எழுத்து மங்கிவிடும். பெரிய கோப்பைத் துண்டு துண்டாகத் திறக்கும்படி ஏற்றினால், டேட்டா குறைவாக உள்ள தோட்டத்து போனிலும் பார்க்கலாம்.